ஒரு முரட்டுத் துண்டும் இரண்டு பென்சில் வரிகளும்

இந்த ஊரில் துண்டு ஈரத்தைத் துடைப்பதில்லை, ஆளைச் சீவுகிறது. நான் வந்து இறங்கிய மறுநாள் காலை குளித்துவிட்டு, வீட்டுக்காரி கொடுத்த துண்டை முதுகில் போட்டு ஓர் இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான். காவேரித் தண்ணீரில் நனைந்து நனைந்து நைந்துபோன ஈரிழைத் துண்டுக்குப் பழகிய ஸ்ரீரங்கத்து முதுகு அது. தவறுதலாக வாசல் மிதியடியைக் கொடுத்துவிட்டாளோ என்று விரித்துப் பார்த்தேன். துண்டுதான். மொட்டைமாடிக் கொடியில் நாள் முழுதும் கடல்காற்றில் காய்ந்து, உப்பேறி, பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. சுவரோரம் சாய்த்து வைத்தால் விழாமல் நிற்கும். வேறு வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரியின் பெயர் தோன்யா பீனோ. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் ‘அம்மா’ போடுகிறோமே, அதை இவர்கள் முன்னால் ‘தோன்யா’ என்று போடுகிறார்கள். அறுபது வயது, கறுப்பு உடுப்பு, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற முகம். அவளிடம் போய் முதுகைத் திருப்பிக் காட்டி, முகத்தைச் சுளித்து, ஊமை நாடகம் ஒன்று நடத்தி முறையிட்டேன். அவள் துண்டை வாங்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "ஆஸ்பெரா" என்றாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, அதே குரலில், "ஆஸ்பெரா" என்றாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் வேலை பார்க்கிற கடைக்குப் போய்க் கேட்டபோதுதான் விளங்கிற்று. ‘துண்டு சொரசொரப்பு, நானும் சொரசொரப்பு’ என்றிருக்கிறாள். இஷ்டமிருந்தால் இரு, இல்லாவிட்டால் வேறு வீடு பார் என்று அர்த்தம். ஆணானால் ஆஸ்பெரோ, பெண்ணானால் ஆஸ்பெரா. இந்த ஊரில் துண்டும் பெண்பால்.

துணிக்கும் மனுஷருக்கும் ஒரே சொல் இருப்பதில் அதிசயமில்லை. நாமும் முரட்டுத் துணி, முரட்டு ஆள் என்கிறோம். ஆனால் தன்னைப் பற்றியே அப்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, உப்பு போட்டாயா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாக ஒருத்தி போகிறாளே, அது எனக்கு விசித்திரமாயிருந்தது. ஏனென்றால் அதே மாதிரி ஒரு சொல்லை நான் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருந்தேன். அவள் அதை அவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கே இருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு எதிரே, ஸ்பெயின் தேசத்துக்குச் சொந்தமான கனாரித் தீவுகளில் ஒரு துறைமுகப் பட்டணம். போகிற வருகிற கப்பல்கள் எண்ணெய் போட்டுக்கொள்ள நிற்கும். பிரயாணிகள் காலாற இறங்கிப் பட்டு வாங்குவார்கள். பட்டுக் கடைகளெல்லாம் சிந்திக்காரர்களுடையவை. மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார்கள். கடையில் ஆறு பேர். ஐந்து பேர் தங்களுக்குள் சிந்தியில் பேசிச் சிரிப்பார்கள். ஆறாவது ஆசாமி, அடியேன், எப்போது சிரிக்க வேண்டும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பேன்.

இதற்கு முன் நான் திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு ராவுத்தர் ஜவுளிக் கடையில் புடவை விரிக்கிற உத்தியோகத்தில் இருந்தேன். என் திறமையெல்லாம் வாயில்தான். ‘இந்தக் கலரு வேண்டாம்’ என்று எழுந்த அம்மாளை இரண்டு வார்த்தையில் சிரிக்கவைத்து, உட்காரவைத்து, அதே கலரில் இரண்டு கட்டிக்கொடுப்பேன். சென்னையிலிருந்து சரக்கு விஷயமாக வந்த சிந்திக் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். அப்படித்தான் இந்த வினை. சமாசாரம் தெரிந்ததும் ராவுத்தர் என்னைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார்.

"ஐயங்காரே, நெசமாவே கடல் தாண்டப் போறீங்களா? அங்க கறியும் மீனுமால்ல இருக்கும்?"

"வாழைப்பழம் வெளையுதாம் பாய். ஜீயபுரமெல்லாம் தோத்துரும்னு சொல்றாங்க."

"சரி, வயித்துக்கு வழி பண்ணிட்டீங்க. பேச ஆளு?"

"கஸ்டமருங்க இருக்காங்களே."

"இருப்பாங்க. நீங்க சொல்றது அவங்களுக்குப் புரியணும்ல? உங்க ஜோக்கெல்லாம் கஸ்டம்ஸ்லயே புடிச்சு வச்சுக்குவான்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அவர் ஜோக்கே அடிக்கவில்லை என்று தோன்றுகிறது.

புறப்படுவதற்கு ஏழு மாதம் முன்னால்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வேதவல்லிக்குத் துறையூர்ப் பக்கம். பத்து வயதில் தாயாரை இழந்தவள். அப்பாவுக்கும் மூன்று தம்பிகளுக்கும் சமைத்து, ஆழக் கிணற்றில் கயிறு இழுத்து, வெண்கலப் பானைகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வளர்ந்தவள். எங்கள் அகத்தில் கூடம் ஒன்று, மனுஷர்கள் ஒன்பது பேர். புதுப்பெண்ணோடு பேச வேண்டுமானால் ஏழு பேர் காதைத் தாண்டித்தான் பேச வேண்டும். கைத்தலம் பற்றியபோதே அவள் உள்ளங்கை என் உள்ளங்கையைவிட முரடு என்று எனக்குத் தெரியும். பிடித்துமிருந்தது. எதையாவது பிடித்தால் அது நழுவாது என்று நம்பவைக்கிற கை. அதை அவளிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது; ஜோக்காகத்தான் சொல்லத் தெரியும். அதுவும் கூட்டம் இருந்தால்தான்.

ஒரு நாள் மத்தியானம் உறவுக்காரர்கள் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் தீர்த்தச் சொம்பை என் கையில் கொடுத்தாள். விரல் பட்டது. உடனே நான் உரக்க, "அம்மா, இனிமே பாத்திரம் தேய்க்கத் தேங்கா நாரைத் தேடிண்டு அலையாதே. உன் மாட்டுப்பொண்ணோட கையே போறும்!" என்றேன். கூடம் அதிர்ந்தது. மாமாவுக்குப் புரையேறிற்று. "போடா வாயாடி" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே. வேதவல்லியும் சிரித்தாள். அதனால் நான் மேலும் இரண்டு தடவை அதே ஜோக்கைச் சொன்னேன்.

மறுநாள் முதல் அவள் கைகள் முந்தானைக்குள் போய்விட்டன. யாருக்கும் எதையும் கையில் கொடுப்பதில்லை. சொம்பைத் தரையில் வைத்து நகர்த்தினாள். தளிகைப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றாள். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியா, என்ன மடி, என்ன ஆசாரம்! கையாலே கையைத் தொடறதில்லே" என்று எதிராத்து மாமியிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண் தன் கையை ஒளிக்க வேண்டுமென்றால் மடி என்ற பெயரில் தாராளமாக ஒளிக்கலாம்; மெச்சுவார்கள். அது மடியில்லை என்று தெரிந்த இரண்டே பேரில் ஒருவன் நான். திருச்சி ஜங்ஷனில் ரயில் புறப்படும்போது எல்லாரும் ஜன்னல் வழியாகப் பொட்டலங்களை என் கையில் திணித்தார்கள். அவள் உப்பு நார்த்தங்காய்ப் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்போதும் என்னிடம் ஒரு ஜோக் தயாராக இருந்தது. நல்லவேளை, வண்டி ஊதிவிட்டது.

சரி, கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் அகத்துக் கடிதம் எப்படி வாசிக்கப்படும் என்று உங்களுக்குத் தெரியாது. அப்பா ரிட்டையரான ஹைஸ்கூல் வாத்தியார். என் ஏர் லெட்டர் வந்ததும் கைகால் அலம்பிக்கொண்டு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கூடத்தில் நாற்காலியை நடுவே இழுத்துப்போட்டு உட்காருவார். எல்லாரும் கூடியாக வேண்டும். எதிராத்து மாமியும் வந்துவிடுவாள். ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்து, நடுநடுவே என் தமிழைத் திருத்துவார். பதில் கடிதத்தில் முதல் பாரா எப்போதும் என் பிழைகளின் பட்டியல். இந்தச் சபையில் ‘உன் கையைப் பற்றி நான் சொன்னதை மன்னித்துவிடு’ என்று வந்தால் என்ன ஆகும்? மறந்துபோனவர்களுக்கும் அந்த ஜோக் ஞாபகம் வரும். மறுபடி ஒரு தடவை கூடம் சிரிக்கும்.

பதில் கடிதத்தில் அப்பா முக்கால் பக்கம், அம்மா சொல்லி என் தங்கை குமுதா எழுதுவது கால் பக்கம். ஒட்டுகிற மடிப்பின் உட்புறத்தில் மீந்த இடம் வேதவல்லிக்கு. இரண்டு வரி. ‘தாஸியின் நமஸ்காரம். இங்கு அனைவரும் சௌக்கியம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.’ ஒவ்வொரு தடவையும் இதே வரிகள்தான். மாற்றி எழுத அவளுக்கு மட்டும் தனிச் சபையா இருக்கிறது? ஆனால் ஒன்று. வீட்டில் பேனா அப்பாவுடையது, அதை யாரும் தொடக்கூடாது. அவள் பென்சிலில் எழுதுவாள். கயிறு இழுத்த கை, அழுத்தி எழுதும். மெல்லிய நீலக் காகிதத்தின் மறுபக்கம் எழுத்தெல்லாம் மேடு தட்டி நிற்கும். கடிதத்தைப் பிரிக்காமலே அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து நகர்த்தினால் இரண்டு வரப்பு மாதிரி தட்டுப்படும். அப்பாவின் பேனா வழுவழுவென்று ஓடியிருக்கும், விரலுக்கு ஒன்றுமே தெரியாது. ஏழு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் என்னோடு பேசியது அதிகமில்லை. இந்த இரண்டு வரப்புதான் என் சொத்து. வாரக்கணக்கில் பையில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பேன்.

இதற்கிடையில் தீவில் நான் மனைவியை இழந்தவனாகிவிட்டேன். அது இப்படி. என் அறைச் சுவரில் கல்யாணப் போட்டோவை மாட்டியிருந்தேன். தோன்யா பீனோ பெருக்க வந்தவள் அதைச் சுட்டி, "தோந்தே?" என்றாள். எங்கே என்று கேட்கிறாள்; அந்தச் சொல் தெரியும். பதில் தெரியாது. கையை நன்றாக உயர்த்தி, அந்த மலைக்கும் மேலே, மேகத்துக்கும் அப்பால், வெகு தூரம் என்று காட்டினேன். அவள் முகம் மாறியது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அன்றைக்கு என் தட்டில் உப்புத்தண்ணீரில் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு எட்டுக்குப் பதில் பத்து. கறி தின்னாத என்னை அந்தக் கிழங்கும், வாழைப்பழமும், கோஃபியோ என்று நம் சத்துமாவு மாதிரி ஒரு வறுத்த மாவும்தான் காப்பாற்றி வந்தன. இரண்டு கூடுதல் கிழங்கு எனக்குச் சின்ன விஷயமில்லை. மூன்றாம் நாள் போட்டோவுக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி எரிவதைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. உருளைக்கிழங்குக்காகப் பெண்டாட்டியைச் சாகக்கொடுத்தவன் என்று என்னை நீங்கள் திட்டலாம். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. இந்தத் தீவில் வேதவல்லியின் முகத்தை என்னைத் தவிர தினமும் பார்க்கிற ஆள் தோன்யா பீனோ ஒருத்திதான். மெழுகுவர்த்தி அணைந்தால் அந்த ஒரு ஆளும் போய்விடுவாள் என்று பயந்தேன்.

பிறகு நான் செய்ததுதான் முட்டாள்தனத்தின் முடிசூட்டு விழா. எங்கள் கடையில் ஒரு விதி. தினமும் காலையில், பாதம் தேய்க்கிற நுரைக்கல்லால் இரண்டு கையையும் தேய்த்து, கிளிசரின் தடவிக்கொண்டுதான் பட்டைத் தொட வேண்டும். விரலில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாலும் பட்டு இழை மாட்டிக்கொண்டு இழுத்துவிடும். மானேஜரை எல்லாரும் தாதா என்போம். அவர் வாசலில் நின்று பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது போல ஒவ்வொருவர் கையையும் தடவிப் பார்த்து உள்ளே விடுவார். அப்படித் தினமும் கையைத் தேய்த்துக்கொள்கிற மகா புத்திசாலி, மனைவியைச் சந்தோஷப்படுத்த என்ன அனுப்பினான் தெரியுமா? பட்டு. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கைக்குட்டை. ஊருக்குப் போன சிந்தி நண்பன் ஒருவன் மூலம் கொடுத்தனுப்பி, கூடவே அவளுக்கென்று ஒரே ஒரு ஸ்பானிஷ் சொல்லும் எழுதினேன்: ‘ஸ்வாவே.’ பட்டைத் தொட்டதும் வாடிக்கைக்காரர்கள் சொல்கிற சொல். மென்மை. மனுஷரையும் சொல்லலாம். யாருக்கும் புரியாத பாஷையில் எழுதினால் கூடத்தைத் தாண்டி அவளிடம் மட்டும் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த கடிதம் வந்தது. பையில் போட்டுக் கட்டைவிரலை வைத்தேன். வழுவழுவென்றிருந்தது. பிரித்தேன். அப்பாவின் பேனாவில், ‘வேதவல்லி சௌக்கியம்.’ அதற்கடுத்ததும் வழுவழு. மூன்றாவதும். உலகத்தில் இவ்வளவு மோசமான வழுவழுப்பை நான் தொட்டதில்லை. காரணம் தெரியாமல் மூன்று மாதம் தவித்தேன். கடையில் ஜோக்கடிப்பதுகூட நின்றுபோயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதுவரை அவை ஜோக் என்றும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடைசியில் குமுதா, சிநேகிதி வீட்டில் உட்கார்ந்து தனியாக ஒரு கடிதம் எழுதினாள்.

"அண்ணா, உனக்கு மண்டையில் ஏதாவது இருக்கா? ஸ்வாவேக்கு அர்த்தம் தெரியலேன்னு அப்பா ரெண்டு நாள் தூங்கலே. அப்பறம் பஸ் ஏறிக் கோட்டைக்குப் போய், அங்க காலேஜ்ல இருக்கற வெள்ளைக்காரப் பாதிரியாரைக் கண்டுபிடிச்சு அர்த்தம் கேட்டுண்டு வந்துட்டா. கூடத்துல எல்லாரையும் உக்காத்தி வச்சு, ‘மிருது, வழவழப்பு, மனுஷாளுக்கும் பொருந்தும்’னு பாடம் நடத்தினா. எதிராத்து மாமி, ‘கையில வாங்கிப் பாருடி’ன்னா. மன்னி வாங்கினா. விரல்ல இழை மாட்டிண்டு நீளமா ஒரு கோடு இழுத்துடுத்து. மாமி உடனே, ‘தேங்கா நார்னு அன்னிக்கே அவன் சொன்னானே’ன்னு சிரிச்சா. மன்னி அதை மடிச்சுப் பொட்டிக்கு அடியில வச்சுட்டா. லெட்டர்ல எழுதக் கூப்பிட்டா வேலை இருக்குங்கறா. நீ அனுப்பினது பரிசா, பரிகாசமா? எனக்கே தெரியலே."

அன்று மத்தியானம் தட்டைத் தொடவில்லை. பத்துக் கிழங்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. தோன்யா பீனோ எதிரில் வந்து நின்றாள். போட்டோவைச் சுட்டி, எனக்குத் தெரிந்த ஒரே உயிருள்ள சொல்லைச் சொன்னேன்: "விவா." உயிரோடிருக்கிறாள். அவள் நேரே போய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். திரும்பி வந்து என் தட்டிலிருந்து இரண்டு கிழங்கை எண்ணி எடுத்துக்கொண்டாள். வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். இடுப்பில் கைவைத்து, பிறகு எதற்கு இந்த மூஞ்சி என்கிற மாதிரி மோவாயை அசைத்தாள்.

இவ்வளவு நீளக் கதையை நான்கு சொல்லில் எப்படிச் சொல்வது? அவள் பாத்திரம் தேய்க்கிற புல்நாரை எடுத்தேன். போட்டோவில் வேதவல்லியின் கையைத் தொட்டேன். நாரைக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கூடம் நிறையச் சிரிப்பதுபோல் சிரித்துக் காட்டினேன். பிறகு என் இரண்டு கையையும் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவ்வளவு காலம் ஜோக்கடித்து வாழ்ந்தவனுக்கு, ஜோக்கை ஊமையாக நடித்துக் காட்டியபோதுதான் அது எவ்வளவு அசிங்கமென்று தெரிந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்து தன் உள்ளங்கையை மேசைமேல் மல்லாத்தினாள். "தோகா" என்றாள். தொடு. வாழைத்தார் கட்டுகிற கொட்டகையில் முப்பது வருஷம் வேலை செய்தவள் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். தொட்டேன். காய்ப்பு, வெடிப்பு, சுருக்கம். வெதுவெதுப்பாக இருந்தது. இந்தத் தீவுக்கு வந்து பதினோரு மாதத்தில் நான் தொட்ட முதல் மனுஷக் கை அது. வாடிக்கைக்காரர்கள் பட்டைத்தான் தொடுவார்கள். தாதா விரலில் குற்றம் பார்ப்பார், அவ்வளவுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணத்தில் கைத்தலம் பற்றிய அன்று என் கைக்குள் இருந்தது இதே மாதிரி ஒரு கைதானே.

"ஆஸ்பெரா" என்றாள் தோன்யா பீனோ. கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "இ கே?"

சரி, அதனால் என்ன?

அன்று மாலையே ஏர் லெட்டர் வாங்கினேன். இந்தத் தடவை கூடத்தைத் தாண்டிப் போக முயலவில்லை. அப்பாவின் பலவீனம் எனக்கு இப்போது தெரியும். அர்த்தம் தெரியாத ஒரு சொல்லை அவர் வீட்டுக்குள் தங்கவிடமாட்டார். அதன் கையைப் பிடித்துப் பாதிரியாரிடம் அழைத்துப்போய், மறுபடி கூடத்துக்கே கூட்டிவந்து எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைப்பார். ஆகவே அவரையே என் தூதுவராக நியமித்தேன். வழக்கமான க்ஷேமலாபங்களுக்குக் கீழே எழுதினேன்: ‘வேதவல்லிக்கு. நான்தான் ஆஸ்பெரோ. கை அல்ல, வாய்.’

பதில் வந்த அன்று துறைமுகத்தில் பெரிய கப்பல். கடையில் நெரிசல். வேலை நேரத்தில் தபால் பிரிக்கக்கூடாது என்பது தாதாவின் சட்டம். கடிதத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு ஸ்பானிஷ் அம்மாள் முன்னால் வெள்ளைப் பட்டுச் சால்வையை வலது கையால் விரித்துக்கொண்டே, இடது கையைப் பைக்குள் விட்டேன். கட்டைவிரலை மடிப்பின் மேல் வைத்தேன். நகர்த்தப் பயமாயிருந்தது. நகர்த்தினேன். மேடு. ஒன்று, இரண்டு. அதன் கீழே மூன்றாவதாக இன்னொன்று.

"எஸ் ஸ்வாவே?" என்று கேட்டாள் அந்த அம்மாள். மென்மையா?

"ஆஸ்பெரோ, சென்யோரா!" என்றேன் நான், முகமெல்லாம் பல்லாக. "ரொம்ப ரொம்ப ஆஸ்பெரோ!"

அவள் சால்வையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தாதா அந்த வாரம் முழுவதும் என்னைக் கண்ணாடி அலமாரி துடைக்கவைத்தார். நன்றாகத் துடைத்தேன்.

மத்தியான இடைவேளையில் மொட்டைமாடிக்குப் போய், காய்கிற துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பிரித்தேன். அப்பா எழுதியிருந்தார்: ‘சிரஞ்சீவி சம்பத்துக்கு ஆசீர்வாதம். போன கடிதத்தில் மூன்று ஒற்றுப்பிழைகள். நீ எழுதிய ஆஸ்பெரோ என்னும் பதத்தின் பொருள் இவ்விடம் எவருக்கும் விளங்காமையால் பாதிரியாரை மீண்டும் கண்டேன். அவர் எழுந்து சென்று, வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடியைச் சுட்டி, இதுவே அது என்றார். புருஷனாகில் ஆஸ்பெரோ, ஸ்திரீயாகில் ஆஸ்பெரா என்றும் விளக்கினார். இதைக் கூடத்தில் நான் எடுத்துரைத்தபோது வேதவல்லி அடக்கமாட்டாமல் சிரித்தாள். காரணம் கேட்டும் சொல்லவில்லை. எதிராத்து அம்மாள் மட்டும் ஏனோ சிரிக்கவில்லை. அன்று மாலை வேதவல்லி தீர்த்தத்தை என் கையிலேயே கொடுத்தாள். மடி குறைந்துவருகிறதென்று உன் தாயார் விசனப்படுகிறாள். நிற்க, கை அல்ல வாய் என்று நீ எழுதியிருப்பது வாக்கியமே அன்று. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே?’

கடிதத்தை ஒட்டுகிற வேலை எப்போதும் அவளுடையது. ஒட்டுமுன் எழுதியிருக்க வேண்டும். பென்சிலில், அழுத்தி: ‘ஆஸ்பெராவின் நமஸ்காரம். கை அப்படியேதான் இருக்கிறது, மாறாது. வாய் மாறிற்றா என்பதை நேரில் வந்து காட்டவும்.’

இது நடந்து மூன்று மாதமாகிறது. நேரில் போய்க் காட்ட இன்னும் இருபது மாதம் இருக்கிறது. கடிதம் பேசுகிறது, உண்மைதான். ஆனால் கடிதம் பேசி முடித்தபிறகு இந்த அறையில் வரும் நிசப்தம் முன்பைவிடப் பெரிதாயிருக்கிறது. என்னைப்போல் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தெரியும். நுரைக்கல்லும் கிளிசரினும் என்னைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாய் ஸ்வாவே ஆக்கிவருகின்றன. ஊருக்குத் திரும்பும்போது, கிணற்றுக் கயிற்றைப் பிடித்தால் தோலுரிகிற கையோடு போய் நிற்பேனோ என்று கவலையாயிருக்கிறது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். காலையில் மாடியில் நின்று வலது கையைச் சட்டப்படி தேய்க்கிறேன். இடது கையைத் தேய்ப்பதில்லை. தாதாவிடம் வலது கையை மட்டும் நீட்டிவிட்டு, இடது கையைப் பையில் போட்டுக்கொண்டு நுழைந்துவிடுகிறேன். பட்டுக்கு ஒரு கை போதும்.

நேற்றுக் காலை துணி எடுக்க வந்த தோன்யா பீனோ இதைப் பார்த்துவிட்டாள். நுரைக்கல்லையும் என் வலது கையையும் பார்த்தாள். பிறகு இடது கையைச் சுட்டி, இது என்ன என்கிற மாதிரி மோவாயை அசைத்தாள். இப்போது எனக்கு ஸ்பானிஷ் ஓரளவு வருகிறது, பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பழையபடி அந்தக் கையை உயர்த்தி, மலைக்கும் மேலே, மேகத்துக்கும் அப்பால், வெகு தூரம் என்று காட்டினேன்.

இந்தத் தடவை அவள் சிலுவைக்குறி போடவில்லை. கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி என் தோளில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். வலது கையால் அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நன்றாகச் சீவிற்று. இடது கையை இறக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.